ஒரு ஆளுக்குத்தான் ஊத்தும்

மேல வெக்க முடியாதுங்க. கண்டக்டர் சொன்னாலும் வெக்க மாட்டேன், நீங்க சொன்னாலும் வெக்க மாட்டேன். உங்க பைய வேணா மேல போட்டுக்குங்க. அதுல துணிமணிதான இருக்கும், உருண்டு விழுந்தாத் தட்டி எடுத்துக்கலாம். இது விழுந்தாக் கூட்டித்தான் அள்ளோணும். மடியிலயே இருக்கட்டும். மேட்டுப்பாளையம் வரைக்கும் உங்க மேல முட்டாமப் பாத்துக்கறேன், போதுமா?

என்ன இருக்குதுன்னு கேக்கறீங்க. கேக்கலீங்களா? கண்ணு பொட்டி மேலயே நிக்குதே. மண்ணுல செஞ்ச கெண்டிங்க. மூக்கு, மூடி, புடி எல்லாம் வெச்சது, டீ பாட்டுன்னு சொல்றாங்கல்ல, அதுதான். வெறகுச் சூளையில சுட்டது. உள்ளங்கையில உக்காரும். நூத்தி முப்பது மில்லி புடிக்கும், அளந்து பாத்துட்டுத்தான் சொல்றேன். ஒரு ஆளுக்குத்தான் ஊத்தும். ரெண்டாவது ஆளு நீட்டினா ஒரு சொட்டு வராது.

ஒண்ணு கேக்கறேன், என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. என்னயப் பாத்தா டீ குடிக்கற பழக்கமே இல்லாத ஆளாட்டத் தெரியுதுங்களா?

சும்மா தலையாட்ட வேண்டாம். யாரு என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு ஆட்டுங்க. பேரு சென்னியப்பன். கோத்தகிரிக்குக் கீழ ஒரு ஃபேக்டரியில முப்பத்தி ரெண்டு வருஷம் டீ மேக்கர். பச்சை இலை வந்து எறங்கறதுல இருந்து தூளாகி மூட்டை கட்டற வரைக்கும் எங்க பேச்சுதான் அங்க சட்டம். மொதலாளிகூட என்ற நாக்கக் கேட்டுட்டுத்தான் சரக்க வெளிய உடுவாரு. அப்படிப்பட்ட ஆளப் பாத்து, டீ குடிக்கற பழக்கம் இல்லைன்னு ஒரு பொம்பள சொல்லியிருக்கறா. அதுவும் யாருங்கறீங்க? என்ற சம்சாரம்.

தெய்வானைன்னு பேரு. அன்னூர்ப் பொண்ணு. கண்ணாலமாகி முப்பத்தி மூணு வருஷமாச்சு.

நீங்க டீ ருசி பாக்கறதப் பாத்திருக்கறீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. மேசை மேல வரிசையா வெள்ளைக் கோப்பை இருக்கும். ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு நேரத்துச் சரக்கு. கரண்டியில எடுத்து, சர்ருன்னு சத்தம் வர்ற மாதிரி உறிஞ்சோணும். காத்தும் டீயும் ஒண்ணாப் போயி மேலண்ணத்துல அடிக்கோணும். நாக்குல ஒரு சுத்து சுத்தி, பக்கத்துல இருக்கற தொட்டியில துப்பிப் போடோணும். முழுங்கக் கூடாது. ஒரு நாளைக்கு எரநூறு கோப்பை வரும், முழுங்கிட்டிருந்தா மத்தியானத்துக்குள்ள நாக்கு செத்துப் போயிரும், வயிறு வெந்து போயிரும். உறிஞ்சு, சுத்து, துப்பு, எழுது. இதுதானுங்க வேலை. காரம் கம்மி, பச்சை வாடை, தீஞ்சுது, ஃபிளாட்டு, இப்படி ஒரு வார்த்தை எழுதினாப் போதும். ஃபிளாட்டுன்னா உசுரில்லாத டீ.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்திருச்சு. வராம எங்க போகும்? காத்தால அவ டீ போட்டுக் கொண்டாருவா. உறிஞ்சுவேன், சுத்துவேன், சமையக்கட்டுத் தொட்டியில துப்புவேன். பக்கத்துல தேதிக் காலண்டர் தொங்கும், தினம் ஒரு தாளு கிழிக்கறோமே, அது. அன்னிக்குத் தாளுல செவப்புப் பேனாவுல ஒரு வார்த்தை எழுதிட்டு வேலைக்குப் போயிருவேன். திட்டினதில்ல, அடிச்சதில்ல. எழுதுவேன், அவ்வளவுதான். சொன்னாத்தான திருத்திக்குவாங்க? அவளும் அந்தத் தாளையெல்லாம் தூக்கிப் போடாம வருசா வருசம் ஒரு டீச் சாக்குல கட்டிக் கட்டி வெச்சா. அதப் பாத்து எனக்குப் பெருமைதான். படிக்காத பொம்பளையா இருந்தாலும் அதோட மதிப்புத் தெரிஞ்சு வெச்சிருக்கறான்னு நெனச்சேன்.

கொஞ்சம் கால அக்கட்ட வையுங்க, வளைவு வருது.

போன வருசம் ஆடியில ரிடையர் ஆனேன். மாலை போட்டாங்க, கைக்கடிகாரம் குடுத்தாங்க. ஃபேக்டரிக்குப் பக்கத்துலயே சின்னதா வீடு கட்டி வெச்சிருந்தோம், ஊட்டுக்குப் பின்னால ஏழு டீச் செடி. அந்த ஏழு செடிய வெச்சுக்கிட்டு அவ ஒரு கூத்துப் பண்ணுவா பாருங்க. கொழுந்தக் கிள்ளியாந்து மொறத்துல வாடப் போடுவா, உள்ளங்கையில வெச்சு உருட்டுவா, வாணலியில வறுப்பா. ஒரு வாரம் உருட்டினா ஒரு கை டீத்தூளு வரும். ஃபேக்டரியில டன் கணக்குல ஓட்டினவன் வீட்டுல கையில டீ உருட்டறாளாம். கொல்லந்தெருவுல ஊசி விக்கற கதைதான். அதையும் போட்டுக் கொண்டாருவா. நானும் உறிஞ்சு, சுத்தி, துப்பி, எழுதுவேன். வறுத்தது பத்தாது. உருட்டினது சரியில்ல. இருக்கறதச் சொல்லோணுமல்லங்க?

ரிடையராகி ஏழு மாசம் கழிச்சு, மாசி மாசம், ஒரு நாள் காத்தால. நான் வழக்கம்போல துப்பிட்டுப் பேனாவ எடுத்தேன். அவ தொட்டிகிட்டயே நின்னுட்டிருந்தா.

"ரிடையர் ஆயிட்டீங்கல்ல? இனிமேலாச்சும் முழுங்கலாமல்ல?" அப்படின்னா.

முழுங்கினா நாக்கு கெட்டுப் போயிரும்னு சொன்னேன். யாருக்காக அந்த நாக்க வெச்சிருக்கறீங்கன்னு கேட்டா. இதென்ன கேள்விங்க? எழுத வேண்டியத எழுதினேன். மக்கியா நாளு, விடிஞ்சதும், திருப்பூருக்கு மக ஊட்டுக்குப் போறேன்னு கெளம்பினா. மக கோகிலா பனியன் கம்பெனியில வேலை பாக்கறா, கொழந்தையப் பாத்துக்க ஆளு வேணும், சரி போய்ட்டு வரட்டும்னு இருந்தேன். இப்ப ஆவணி. ஆறு மாசம் ஆச்சுங்க. ஃபோன் பண்ணினா கொழந்தை கிட்டக் குடுத்துருவா. அது தாத்தா தாத்தான்னு ரெண்டு வாட்டி சொல்லிட்டு வெச்சிரும்.

வெசனமா? எனக்கென்னங்க வெசனம்? சோறு பொங்கத் தெரியும், துணி தொவைக்கத் தெரியும். டீயச் சொல்லவே வேண்டாம். ஆனா ஊட்டுல இருக்கற ஏனம் எல்லாம் நாலு ஆளுக்கு உண்டானது. அதுல ஒரு ஆளுக்கு டீ வெச்சா அடியிலயே வத்திப் போவுது. தனியா இருக்கறவன் தனக்குத் தகுந்த ஏனம் வெச்சுக்கோணும்னு முடிவு பண்ணினேன். அவ என்னிக்காச்சும் வந்து பாக்கறப்ப ஒரே ஒரு ஆளுக்கு உண்டான ஏனம் அடுப்பு மேடையில இருக்கோணும். அதப் பாத்து அவ மொகரை சுண்டோணும். உங்ககிட்ட ஒளிச்சு எனக்கென்ன ஆகப் போகுது, அதுக்குத்தான் வாங்கப் போனேன்.

எங்க வாங்கறதுன்னு யோசிச்சுக்கிட்டே டீத்தூள் டப்பாவத் துழாவினப்ப அடியில ஒரு சீட்டுக் கெடந்துச்சு. ஜெயசீலி, மண் சூளைன்னு அவ கோணக் கையெழுத்துல ஒரு ஃபோன் நம்பர். பூத்தொட்டி கீத்தொட்டி வாங்கறதுக்கு எழுதி வெச்சிருப்பான்னு நெனச்சேன். நேத்துப் போயி வழி விசாரிச்சுட்டு வந்தேன். இன்னிக்குக் காத்தால பையில ஃபேக்டரி அளவு கிளாசு, கடிகாரம், என்ற ருசி பாக்கற கரண்டி எல்லாம் எடுத்துக்கிட்டுப் போனேன்.

கற்பூர மரக் காட்ட ஒட்டி ஒரு தகரக் கொட்டாய். வெளிய தவந்து போற ஆளாட்ட நீளமா ஒரு சூளை. அந்தம்மாவுக்கு நாப்பது வயசிருக்கும், பேண்ட்டுப் போட்டுக்கிட்டு முழங்கை வரைக்கும் மண்ணு. தூத்துக்குடிப் பக்கமாம். சென்னையில பெரிய கம்பெனி வேலைய உட்டுட்டு இங்க வந்து மண்ணுப் பெசையறாங்களாம். படிச்சவங்களுக்கு வேலை சலிச்சுப் போனா இப்படித்தான் ஏதாச்சும் ஒண்ணு. நான் யாருன்னு சொல்லல. ஒரு ஆளுக்குக் கெண்டி வேணும்னு மட்டும் சொன்னேன். சார், டீ குடிக்கவான்னு கேட்டாங்க. இல்ல, காது குத்தறதுக்குன்னு சொன்னேன்.

பலகையில பதிமூணு கெண்டி இருந்துச்சு. எல்லாத்தையும் தண்ணி ஊத்திப் பாத்தேனுங்க. எப்படிப் பாக்கோணும்னு தெரிஞ்சு வெச்சுக்குங்க, பின்னால உதவும். மூடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அத வெரல்ல அடைச்சுக்கிட்டுச் சாய்ச்சா மூக்குல வர்ற தண்ணி நிக்கோணும். நின்னா மூடி பொருத்தம், நிக்கலீன்னா அது மூடி இல்ல, தொப்பி. அப்புறம், ஊத்திட்டுச் சட்டுன்னு நிமுத்தினாக் கடைசிச் சொட்டு மூக்க நக்கிக்கிட்டுக் கீழ எறங்கக் கூடாது. முழுக்கக் கவுத்தாலும் மூடி விழக் கூடாது. பத்து எண்றதுக்குள்ள மொத்தமும் காலியாகோணும். இல்லீன்னா ஊத்தி முடிக்கறதுக்குள்ள உள்ள இருக்கற இலை இன்னும் வெந்து கசந்து போயிரும்.

பதிமூணும் தேறல. ஒண்ணுக்கு மூக்கு ஒழுகுது, ஒண்ணுக்குப் புடி சுடும், ஒண்ணு அரை லிட்டர் புடிக்குது. அதுல ஒரு ஆளா குடிப்பான், ஒரு கல்யாண வீடு குடிக்கும். ஒவ்வொண்ணையும் எடுத்துச் சொல்லிக்கிட்டே வெச்சேன். அந்தம்மா கையக் கட்டிக்கிட்டுக் கேட்டுட்டே இருந்தாங்க. கடைசியா, டீ ஊத்தி ஒண்ணுலயாச்சும் குடிச்சுப் பாக்கறீங்களா சார்னாங்க. அதெல்லாம் தேவையில்லைன்னுட்டேன்.

அப்பத்தான் உள்ள ஒரு அலமாரியில துணி மூடி வெச்சிருந்ததப் பாத்தேன். எடுத்துப் பாத்தா இது. புடியில ஒரு செவப்பு நூலு கட்டியிருந்துச்சு. ஒரு தோள்ல டீ நெறம், இன்னொரு தோள்ல சாம்பல் நெறம். பூசினது இல்லைங்க. வெறகுச் சாம்பல் பறந்து வந்து மேல உக்காந்து, அந்தச் சூட்டுல உருகி, கண்ணாடியாட்டம் ஆயிருமாம். தண்ணி ஊத்தினேன். வெரல வெச்சா நிக்குது. சொட்டு இல்ல. மூடி விழல. எட்டு எண்றதுக்குள்ள காலி. மத்ததெல்லாம் மண்ணு வாசம் அடிக்குது, இதுக்குள்ள மட்டும் டீ வாசம். யாரோ பழக்கி வெச்சிருக்கறாங்க. இதக் குடுங்கன்னு சொன்னேன். அது விக்கறதில்ல சார், ஒரு அம்மாவோடதுன்னாங்க.

உட்டனா? எனக்கு அதுதான் வேணும்னு நின்னேன். யாரு அந்த அம்மா, கெண்டியப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும், தண்ணி ஊத்திப் பாத்தாங்களா, அளந்து பாத்தாங்களான்னு கேட்டேன். அந்தம்மா சிரிச்சாங்க. தண்ணியெல்லாம் ஊத்தல சார், பலகையில இருந்த ஒவ்வொண்ணுலயும் ஒரு நாளைக்கு ஒண்ணா டீ போட்டு, அந்தக் கல்லு மேல உக்காந்து முச்சூடும் குடிச்சுப் பாத்துட்டு, அப்புறம்தான் இதச் செய்யச் சொன்னாங்கன்னாங்க. செஞ்சு வாங்கியும் ஊட்டுக்குக் கொண்டு போகல. இங்கயே வெச்சிட்டு, சாயங்காலம் நாலு மணிக்கு வருவாங்க, தனியா ஒரு பாட்டு டீ குடிப்பாங்க, கழுவிக் கவுத்திட்டுப் போவாங்க, திருப்பூருக்குப் போற வரைக்கும் தினம் வந்தாங்கன்னு சொன்னாங்க.

திருப்பூருன்னதும் எனக்கு என்னமோ ஆச்சு. நாலு மணிக்கு இவ மாரியம்மன் கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போவா. குங்குமம் வெச்சுக்கிட்டு வருவா. நானும் நம்பிக்கிட்டிருந்தேன்.

பேரு கேட்டேன். டீ ஃபேக்டரி வீட்டு தெய்வானையம்மான்னாங்க.

இருங்க, சொல்றேன். அதுக்கு மேலதான் இருக்குது. நான் யாருன்னு அப்பவும் சொல்லல. ஊட்டுக்குக் கொண்டு போறதுக்கு என்னவாம்னு மட்டும் கேட்டேன். வீட்டுல வெச்சா மார்க்குப் போட்டுருவாங்கன்னு சொன்னாங்க சார், என்னன்னு எனக்கும் புரியலன்னாங்க. அப்புறம் அவங்களாவே சொன்னாங்க. செய்யறப்பவே, வீட்டுக்காரர் இருக்காரேம்மா, ரெண்டு பேருக்கு ஊத்தற மாதிரி கொஞ்சம் பெருசாப் பண்ணிரட்டுமான்னு இவங்க கேட்டிருக்கறாங்க.

அதுக்கு இவ, "வேண்டாம் கண்ணு, அவருக்கு டீ குடிக்கற பழக்கம் இல்ல," அப்படின்னிருக்கறா.

கோவமாச் சொன்னாளான்னு கேட்டேன். இல்ல சார், சாதாரணமாத்தான் சொன்னாங்க, சர்க்கரை வியாதியோ என்னமோன்னு நெனச்சுக்கிட்டேன்னாங்க. அட கெரகமே. முப்பத்தி ரெண்டு வருஷம் டீயிலயே கெடந்தவனுக்கு டீ குடிக்கற பழக்கம் இல்லையாம். திட்டியிருந்தாத் தாங்கியிருப்பேனுங்க. ஊருல இருக்கறவங்களுக்கெல்லாம் வெவரம் சொல்ற மாதிரி, மழை வருதுன்னு சொல்ற மாதிரி சொல்லியிருக்கறா.

சிரிக்காதீங்க. உங்க ஊட்டுல உங்களப் பத்தி வெளிய என்ன சொல்லி வெச்சிருக்கறாங்கன்னு உங்குளுக்குத் தெரியுமா? போயிக் கேட்டுப் பாருங்க.

கெண்டியக் கீழ வெச்சேன். அந்தம்மா என்ன நெனச்சாங்களோ, உக்காருங்க சார்னு சொல்லிட்டு, அந்தக் கெண்டியிலயே டீ போட்டாங்க. சிப்பி மாதிரி ஒரு சின்னக் கோப்பையில ஊத்தி நீட்டினாங்க. கரண்டி பையில இருந்துச்சு, எடுக்க ஞாபகம் இல்ல. உறிஞ்சினேன். சுத்தினேன். துப்பறதுக்குத் தொட்டியத் தேடினா அங்க தொட்டி எங்க இருக்குது? ஒரு பக்கம் காயப் போட்ட, இன்னும் சுடாத பச்சைப் பாத்திரம், ஒரு பக்கம் பெசைஞ்ச மண்ணு, எதுத்தாப்ல அந்தம்மா என்ற வாயவே பாத்துக்கிட்டு. வாயில டீய வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நிக்கறது? முழுங்கிட்டேன்.

தொண்டைக்குள்ள எறங்குச்சுங்க. சூடா, நெஞ்சு வரைக்கும். அப்புறமா, எல்லாம் எறங்கினதுக்கு அப்புறமா, ஒரு இனிப்பு மேல ஏறி வந்துச்சு. நாக்குல இல்லைங்க, அதுக்கும் பின்னால. அந்த எடத்துல டீக்கு ருசி இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. முழுங்கினாத்தான தெரியறதுக்கு. அவங்க கேக்காமயே கோப்பைய நீட்டினேன், மிச்சத்தையும் ஊத்தினாங்க. அதையும் முழுங்கினேன். குடிக்கற மாதிரி இருக்குது, எந்த எஸ்டேட் சரக்குன்னு கேட்டேன்.

எஸ்டேட் இல்ல சார், தெய்வானையம்மா கையில உருட்டினது, ஒரு டப்பா விட்டுட்டுப் போனாங்கன்னாங்க.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஏமாத்திப்புட்டாங்கல்ல? யாரு போட்டது என்னதுன்னு சொல்லாமக் குடுக்கறது என்ன நாயம்? எந்திரிச்சு நின்னு, நான் யாருன்னு சொன்னேன். தெய்வானையோட வீட்டுக்காரன், இந்தக் கெண்டி எங்க ஊட்டுக் கெண்டி, குடுங்கன்னேன். அந்தம்மா என்னய மேலயும் கீழயும் பாத்தாங்க.

"நீங்கதானா அந்தக் காலண்டர்?" அப்படின்னாங்க.

விசயம் என்னன்னா, சூளைக்குத் தீ மூட்டறதுக்குக் காகிதம் இருந்தாக் கொண்டாங்கம்மான்னு இவங்க கேட்டிருக்கறாங்க. இவ அந்தச் சாக்கக் கொண்டு போயிக் கொட்டியிருக்கறா. முப்பத்தி ரெண்டு வருஷத்துத் தாளு. அதுக்கு மேல எங்க ஏழு செடியில கவாத்து வெட்டின குச்சியக் கட்டுக் கட்டாத் தூக்கிட்டுப் போயிருக்கறா. குச்சி எங்க காணமேன்னு நான் அப்பவே கேட்டேன், ஆடு மேஞ்சிருச்சுன்னா. அந்தத் தாளையெல்லாம் ஒவ்வொரு கையா உள்ள போட்டாங்களாம். ஒரு தாள மட்டும் இவ தனியா எடுத்து, மடிச்சு, அவ கையாலயே வெச்சாளாம். அவங்கம்மா செத்து, அன்னூர்ல காரியமெல்லாம் முடிச்சுட்டு வந்த மக்கியா நாளுத் தாளு. அன்னிக்கு நான் கவனம் பத்தாதுன்னு எழுதியிருந்தேனாம்.

ஞாபகம் இருக்குதுங்க. அன்னிக்கு இலை ரெண்டு நிமிசம் கூட வெந்திருந்துச்சு. எழுதினது தப்பில்ல. அழுதுக்கிட்டு டீ போட்டா அப்படித்தான் ஆகும். நீங்க எதுக்கு வெளிய பாக்கறீங்க, அங்க என்ன இருக்குது, மரந்தான் இருக்குது.

நான் உடல. என்ற எழுத்துல எரிஞ்ச தீ, என்ற செடியோட குச்சி, அந்தச் சாம்பல்தான இது மேல உக்காந்து நெறமாகியிருக்குது, அப்பப் பாதிக் கெண்டி எனக்குன்னு அடிச்சுப் பேசினேன். காகிதச் சாம்பலெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், அது பத்த வெக்கறதோட சரி, குச்சிதான் நெறம் குடுத்ததுன்னு அந்தம்மா சொன்னாங்க. அதெப்படி ஒண்ணும் ஆகாமப் போகும்? முப்பத்தி ரெண்டு வருஷம் எழுதினதுங்க.

அப்புறம் அவங்க ஃபோன எடுத்துக்கிட்டுக் கொட்டாய்க்கு வெளிய போனாங்க. திருப்பூருக்குத்தான் பேசினாங்க. இந்தப் பக்கம் பேசினது மட்டும் கேட்டுச்சு. உங்க வீட்டுக்காரர் வந்திருக்காரும்மான்னாங்க. ஆமாம்மா, குடிச்சாரும்மான்னாங்க. முழுங்கினாரும்மான்னாங்க. மறுக்காவும் ஆமாம்மா, முழுங்கினாரும்மா, நான் பாத்தேன்னாங்க. உள்ள வந்து இந்தப் பொட்டியில வைக்கோலப் போட்டு, கெண்டிய வெச்சுக் கட்டிக் குடுத்தாங்க. இன்னிக்கே திருப்பூருக்குக் கொண்டு வந்து குடுக்கச் சொன்னாங்க சார்னாங்க. வேற ஒண்ணும் சொல்லலியான்னு கேட்டேன். இல்லைன்னாங்க. அப்புறம் வாசல் வரைக்கும் வந்து, இது ஒரு ஆளுக்குத்தான் சார், ஞாபகம் வெச்சுக்குங்க, நீங்களும் குடிக்கோணும்னா அதே இலையில ரெண்டாவது தண்ணி ஊத்தோணும், அந்த இலை தாங்கும்னாங்க.

ரெண்டாவது தண்ணியாம். எங்க ஃபேக்டரியில ஒரு தண்ணி ஊத்தின இலையக் குப்பையில கொட்டுவோம். எனக்கு ரெண்டாவது தண்ணி.

இதென்ன, குஞ்சப்பனை வந்திருச்சா? செக்போஸ்ட்டுல நிப்பாட்டினா டிரைவர் டீ குடிக்காம எடுக்க மாட்டான். நீங்க எறங்கறதுன்னா எறங்குங்க, நான் பொட்டிய உட்டுட்டு வர முடியாது. எனக்கா? வாங்கிட்டு வந்தா வேண்டாம்னு சொல்ல மாட்டேன். சக்கரை கம்மியா.

குடுங்க. கிளாசு சுடுது, சன்னல் ஓரமா வெச்சுக்கறேன்.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும், மனசுக்குள்ளயே வெச்சுக்குங்க. துப்ப எடமில்லாமத்தான் முழுங்கினேன்னு அவளுக்கு யாரும் சொல்லல. அந்தம்மாவுக்கே தெரியாது. நானும் சொல்லப் போறதில்ல. ஆனா அங்க போனதும் இந்தக் கெண்டியில டீ போடுவா. எதுத்தாப்ல உக்காந்து என்ற தொண்டையவே பாப்பா. எனக்குத் தெரியும் அவள. பேச மாட்டா, கேக்க மாட்டா, பாப்பா. எறங்குதா இல்லையான்னு பாத்துட்டுத்தான் துணிப் பொட்டியக் கட்டிக்கிட்டு என்கூட வர்றதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவா. ஆறு மாசமா அந்த ஊடு எப்படிக் கெடக்குது தெரியுங்களா? காலண்டர்ல தாளு கிழிக்கறதில்லைங்க. மாசியிலயே நிக்குது. கிழிச்சு என்ன எழுதறது?

அவ வரோணுமுங்க. அவ்வளவுதான். ரெண்டாவது தண்ணியே குடுக்கட்டும், மூணாவது தண்ணியே குடுக்கட்டும். எப்படி இருந்தாலும் சரி, கசந்தாலும் சரி, ஒரு சொட்டு உடாம முழுங்கிக் காட்டறேன். மனுசன் நெனச்சா முடியாததுன்னு ஒண்ணு இருக்குதுங்களா? இன்னிக்கு அவ முன்னால... ம்க்கும், என்னங்க டீ இது, ஃபிளாட்டு. காலையில கொதிக்க வெச்சதச் சூடு பண்ணி...

என்னங்க? ஏன் அப்படிப் பாக்கறீங்க?

சன்னலுக்கு வெளியவா?

துப்பிட்டனா?

நான் துப்பினதப் பாத்தீங்களா? எப்ப துப்பினேன், இப்பவா?

...

உங்க கிளாசுல மிச்சம் இருக்குதுங்களா? குடுங்க. எச்சிலா இருந்தாப் பரவால்ல, குடுங்கங்கறேன். கரண்டி இல்ல, உறிஞ்சல, பாருங்க, சும்மா தண்ணி குடிக்கற மாதிரி. என்ற தொண்டையப் பாருங்க. எறங்குதா? நல்லாப் பாருங்க.

எறங்கிருச்சுல்ல?

எப்படி இருந்துச்சுன்னு மட்டும் கேட்டுராதீங்க. கேட்டாச் சொல்லிப்புடுவேன்.